விம்பிள்டனுக்குப் பின் நாற்பதாம் நாள்: மரியோன் பர்தோலியின் முன் இருந்த வழிகள்

2013 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் நடந்த இரண்டாம் சுற்று ஆட்டத்தில், முதல் செட்டை 6-3 என்று கைப்பற்றிய பிரான்சின் டென்னிஸ் வீராங்கனை மரியோன் பர்தோலி, அடுத்த இரண்டு செட்களையும் 4-6, 1-6 என்று ருமேனியாவின் சிமோனா ஹாலெப்பிடம் இழந்தார். அன்றிரவே செய்தியாளர்களின் முன் அமர்ந்து, தான் ஆடிய கடைசி ஆட்டம் அதுதான் என்று கண்ணீருடன் அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 28, உலகத் தரவரிசையில் 7ஆம் இடம். ஜூலை 6 அன்று அவர் விம்பிள்டன் கோப்பையை உயர்த்திப் பிடித்ததிலிருந்து எண்ணினால் அது நாற்பதாம் நாள். அமெரிக்க ஓபன் தொடங்க இரண்டு வாரங்கூட இருக்கவில்லை.

அந்த முடிவைப் பற்றி எழுதியவர்களில் ஒரு சாரார், உச்சியில் நின்று விடைபெற்றார் என்று பாராட்டினார்கள். இன்னொரு சாரார், வெற்றியின் பலனை அனுபவிக்கும் முன்பே அவசரப்பட்டுவிட்டார் என்று வருந்தினார்கள். இருவருமே கோப்பையை வைத்துத்தான் கணக்குப் போட்டார்கள் என்பது என் எண்ணம். அன்றைய நிலையில் பர்தோலியின் முன் குறைந்தது நான்கு வழிகள் இருந்தன: போட்டிகளைக் குறைத்துக்கொண்டு தொடர்வது, ஆறு மாதமோ அதற்கு மேலோ சிகிச்சை எடுத்துக்கொண்டு திரும்புவது, ஒரு நாள் குறித்து முறையாக விடைபெறுவது, அங்கேயே நிறுத்திக்கொள்வது. இவற்றுள் முதல் மூன்றும் வேறொரு வீராங்கனைக்கு நல்ல வழிகளாக இருந்திருக்கக்கூடும், பிரான்சிலேயே அவற்றில் நடந்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பர்தோலி எந்த முறையில் ஆடினாரோ அந்த முறையே அவருக்கு அவ்வழிகளைப் பெரும்பாலும் அடைத்துவிட்டிருந்தது. ஆகவே, வழிகளை ஒப்பிடுவதற்கு முன் அந்த ஆட்டத்தைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டியிருக்கிறது.

பர்தோலி 1984 அக்டோபர் 2 அன்று பிரான்சின் நடுப்பகுதியில் உள்ள லெ புய்-ஆன்-வெலே நகரில் பிறந்து, அருகிலுள்ள ரெத்தூர்னாக் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். தந்தை வால்ட்டர் பர்தோலி அங்கே மருத்துவராக இருந்தார். தாயார் செவிலியர். டென்னிஸ் பயிற்சியாளராக எந்தப் பின்புலமும் இல்லாத அந்த மருத்துவர், 1992 பிரெஞ்சு ஓபன் இறுதியாட்டத்தில் மோனிகா செலஸ் மூன்றாவது செட்டில் 10-8 என்று ஸ்டெஃபி கிராஃபை வீழ்த்தியதைப் பார்த்து, செலஸைப் போல வலப்பக்கமும் இடப்பக்கமும் இரண்டு கைகளாலும் பந்தை அடிக்கத் தன் மகளைப் பழக்கினார். பின்னாளில் மருத்துவத் தொழிலையே விட்டுவிட்டு முழுநேரமும் மகளுடன் பயணம் செய்தார்.

குளிர்காலங்களில் அவர்கள் பயிற்சி செய்த உள்ளரங்கில், ஆடுகளத்தின் பின்கோட்டை ஒட்டியே சுவர் நின்றது. பின்னால் நகர்ந்து சென்று பந்தை எதிர்கொள்ள அங்கே இடமில்லை. எனவே பந்து மேலெழும் கணத்திலேயே, கோட்டுக்குள் நின்று, அதை அடித்தாக வேண்டும். உலகின் மிகச் சிறந்த சர்வீஸ்களை, அதாவது புள்ளியைத் தொடங்கிவைக்கும் முதல் அடிகளைக்கூட, கோட்டுக்கு உள்ளே வந்து நின்று எதிர்கொண்ட அந்தத் துணிச்சல், ஓர் இடநெருக்கடியிலிருந்து வந்தது. தந்தை மகளின் காலணியின் குதிகாலில் டென்னிஸ் பந்துகளை ஒட்டிவிடுவார், குதிகால் தரையில் ஊன்றாமல் எப்போதும் முன்பாதத்திலேயே நிற்பதற்காக. இடுப்பில் ரப்பர்ப் பட்டைகளைக் கட்டி, அவற்றின் இழுவைக்கு எதிராக ஓடிச் சென்று அடிக்கச் சொல்வார். இந்தப் பயிற்சிகளைக் கண்டு சிரித்தவர்கள் பலர். ஆனால் அவற்றுக்கு ஒரு தெளிவான காரணம் இருந்தது.

இரண்டு கைகளாலும் மட்டையைப் பிடிப்பவருக்குக் கை எட்டும் தூரம் குறைகிறது. ஒற்றைக் கையால் அடிப்பவர் உடலைச் சாய்த்து, கையை நீட்டி ஒரு பந்தைக் காப்பாற்றிவிடலாம். இரு பக்கமும் இரு கைகளைப் பயன்படுத்துபவர் அதே பந்துக்கு இன்னும் ஓர் அடி, சில சமயம் இரண்டு அடி, கூடுதலாக எடுத்து வைத்து உடலையே பந்துக்குப் பக்கத்தில் கொண்டுசெல்ல வேண்டும். தாழ்ந்து வரும் பந்துக்கு முதுகு அதிகம் வளைய வேண்டும், முழங்கால் அதிகம் மடிய வேண்டும். ஒரு பந்துக்கு ஓர் அடி என்றால் ஓர் ஆட்டத்துக்கு எத்தனை, ஒரு பருவத்துக்கு எத்தனை, பதின்மூன்று ஆண்டுகளுக்கு எத்தனை என்று நினைத்துப் பாருங்கள். பர்தோலி இயல்பாகவே வேகமாக ஓடக்கூடியவரும் அல்லர். அந்தக் கூடுதல் அடிகளை அவர் உழைப்பால் ஈடுகட்டினார். புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையில் எதிராளிக்கு முதுகைக் காட்டி நின்று, இல்லாத பந்தை வெற்று வீச்சுகளாக அடித்துப் பார்ப்பதும், நின்ற இடத்திலேயே துள்ளிக்கொண்டிருப்பதும் அவருடைய வழக்கம். எதிரே நின்றவர்களுக்கு அது எரிச்சலூட்டியது. கால்கள் ஒரு நொடிகூடத் தூங்கிவிடக் கூடாது என்ற அச்சம் அதில் இருந்தது என்றே நான் வாசிக்கிறேன்.

இந்த ஆட்டம் அவருக்கு நிறையவே தந்தது. 2001இல் அமெரிக்க ஓபன் சிறுமியர் பட்டம் வந்தது. 2007 விம்பிள்டன் அரையிறுதியில் அப்போதைய உலக முதல்நிலை வீராங்கனை ஜஸ்டின் ஹெனினிடம் முதல் செட்டை 1-6 என்று இழந்தபின் 7-5, 6-1 என்று மீண்டு வென்றார், இறுதியில் வீனஸ் வில்லியம்ஸிடம் தோற்றார். 2011 பிரெஞ்சு ஓபனில் அரையிறுதி வரை வந்தார். அதே ஆண்டு விம்பிள்டனில் செரீனா வில்லியம்ஸை நேர் செட்களில் வெளியேற்றினார். 2013 விம்பிள்டனில் ஒரு செட்டைக்கூட இழக்காமல் பட்டத்தை வென்றார். இறுதியில் ஜெர்மனியின் சபீன் லிசிக்கியை 6-1, 6-4 என்று வீழ்த்திய அந்த ஆட்டம் ஓர் ஏஸில், எதிராளி தொட முடியாத சர்வீஸில், முடிந்தது. பந்து கோட்டில் விழுந்ததும் வெண்ணிறச் சுண்ணப் பொடி சிறு புகையாகக் கிளம்பியது. அது அவர் ஆடிய 47ஆவது கிராண்ட் ஸ்லாம், அதாவது டென்னிஸின் நான்கு பெரும் போட்டிகளில் ஒன்று. முதல் பட்டத்துக்கு முன் அத்தனை கிராண்ட் ஸ்லாம்களில் ஆடிய வீராங்கனை அதுவரை வேறு எவரும் இல்லை.

ஆனால் அந்த ஆட்டத்துக்கான விலையும் உடன் ஏறிக்கொண்டேதான் வந்தது. தோள், இடுப்பு, கீழ்முதுகு, குதிகால் தசைநாண் என்று வலி பரவியிருந்ததையும், நாற்பத்தைந்து நிமிடமோ ஒரு மணி நேரமோ ஆடிய பிறகு உடலெங்கும் வலிப்பதையும் அவரே சின்சினாட்டியில் சொன்னார். முதல் செட்டை வென்று அடுத்த இரண்டை இழந்த அன்றைய ஆட்டத்தின் செட் கணக்கை அந்தச் சொற்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. அதற்கு முந்தைய வாரம் டொரொன்டோவில் வயிற்றுத் தசைக் காயத்தால் ஆட்டத்தின் நடுவிலேயே விலகியிருந்தார். விம்பிள்டனுக்குப் பின் அவர் ஆடியவை இந்த இரண்டு போட்டிகள் மட்டுமே.

முதல் வழிக்கு வருவோம். போட்டிகளைக் குறைத்துக்கொண்டு, உடல் இடங்கொடுக்கும் அளவுக்கு ஆடி, மெல்ல மெல்ல இறங்கி வருவது. பிரான்சில் இதற்கு அமெலி மொரெஸ்மோவைக் காட்டலாம். 2004 செப்டம்பரில் உலக முதலிடத்தை எட்டிய அவர், 2006இல் ஆஸ்திரேலிய ஓபனையும் விம்பிள்டனையும் வென்றார். அதன் பிறகு 2007இல் குடல்வால் அறுவை சிகிச்சை, தொடர்ந்து சிறு சிறு காயங்கள் என்று அவருடைய நிலை சரிந்தது. 2006 அமெரிக்க ஓபன் அரையிறுதிக்குப் பிறகு எந்தக் கிராண்ட் ஸ்லாமிலும் அவர் கால் இறுதியை எட்டவில்லை. ஆனாலும் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஆடினார். 2007இல் ஆன்ட்வெர்ப்பில் மூன்றாம் முறையாக வென்று, மும்முறை வெல்பவருக்கென வைத்திருந்த வைரம் பதித்த மட்டையைப் பெற்றார். 2009 பிப்ரவரியில் பாரிஸில் சொந்த மக்கள் முன் 25ஆவது பட்டத்தை வென்றார். அந்த ஆண்டு டிசம்பரில், 30ஆவது வயதில், விடைபெற்றார்.

இந்த மூன்றாண்டுகளை வீணானவை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாரிஸில் கிடைத்த அந்த ஒரு பட்டத்துக்காகவே அவை தகும். ஆனால் மொரெஸ்மோவால் அப்படி இறங்கி வர முடிந்ததற்கு அவருடைய ஆட்டம் இடம் கொடுத்தது. ஒற்றைக் கைப் பின்கை வீச்சு, பலமான சர்வீஸ், பந்தைச் சீவி அனுப்பி மூச்சுவாங்க நேரம் எடுத்துக்கொள்ளும் வித்தை, வலைக்கு முன்னேறிப் புள்ளியைச் சுருக்கமாக முடிக்கும் கலை என்று அவரிடம் பல கருவிகள் இருந்தன. ஒன்று மழுங்கினால் இன்னொன்றை எடுக்கலாம். பர்தோலியிடம் இருந்தது ஒரே ஓர் ஆட்டம். அதைப் பாதி வேகத்தில் ஆட முடியாது. கால்கள் அரை நொடி தாமதித்தால் இரு கை வீச்சு பந்தை எட்டாது, எட்டாத பந்துக்கு மாற்று வீச்சு இல்லை. சர்வீஸைக் கொண்டு சமாளிக்கலாம் என்றால், பல முறை மாற்றி மாற்றி அமைத்தும் அவருடைய ஆட்டத்தில் நலிந்த பகுதியாகவே அது இருந்தது.

இன்னொரு தடையும் உண்டு. முன்னணி வீராங்கனைகள் தம் விருப்பப்படி போட்டிகளைக் குறைத்துக்கொள்ள அன்றைய மகளிர் டென்னிஸ் சங்கத்தின் விதிகள் அதிகம் இடம் தரவில்லை. நான்கு கிராண்ட் ஸ்லாம்கள் போக, இண்டியன் வெல்ஸ், மயாமி, மாட்ரிட், பெய்ஜிங் ஆகிய நான்கும் கட்டாயப் போட்டிகளாக இருந்தன. அவற்றைத் தவறவிட்டால் தரவரிசைக் கணக்கில் பூஜ்யம் ஏறும். பர்தோலியின் 7ஆம் இடமோ பெரும்பாலும் விம்பிள்டனில் கிடைத்த 2000 புள்ளிகளின் மேல் நின்றது. விம்பிள்டனுக்கு முன்பு அந்த ஆண்டில் எந்தப் போட்டியிலும் அவர் கால் இறுதியைத் தாண்டியிருக்கவில்லை. அந்தப் புள்ளிகள் 52 வாரங்களில் உதிர்ந்துவிடும். குறைவாக ஆடுவது என்று அவர் தீர்மானித்திருந்தால், 2014 ஜூலையில் தரவரிசையில் ஆழமான சரிவு வந்திருக்கும், அதன்பின் சிறிய போட்டிகளில் அதிகமாக ஆட நேர்ந்திருக்கும். சுருக்கமாகச் சொன்னால், குறைத்துக்கொள்ளும் வழி ஓராண்டில் கூடுதல் உழைப்புக்கே கொண்டுவந்து விட்டிருக்கும்.

இரண்டாம் வழி, நீண்ட ஓய்வும் சிகிச்சையும் எடுத்துக்கொண்டு திரும்புவது. இதற்கு விதிகளின் துணை உண்டு. காயத்தால் குறைந்தது ஆறு மாதம் விலகியிருப்பவர், விலகிய காலத்துத் தரவரிசையைக் கொண்டே குறிப்பிட்ட எண்ணிக்கையிலான போட்டிகளில் நேரடியாக நுழையலாம். 7ஆம் இடத்தில் இருந்தவருக்கு இது பெரிய சலுகை, விடைபெறுவதாக அறிவிக்காமல் இருந்தால் போதும். காகிதத்தில் பார்த்தால் இதுதான் நான்கிலும் அறிவார்ந்த வழியாகத் தெரிகிறது. அவருடைய குடும்பத்தில் ஒருவனாக நான் இருந்திருந்தால் அன்று இதைத்தான் சொல்லியிருப்பேன் என்றும் தோன்றுகிறது.

இந்த வழியின் நன்மையையும் தீமையையும் ஒரே வாழ்க்கையில் காட்டியவர் மேரி பியர்ஸ். 1995 ஆஸ்திரேலிய ஓபனையும் 2000 பிரெஞ்சு ஓபனையும் வென்ற அவர், அதன்பின் காயங்களால் நூறு இடங்களுக்கு வெளியே தள்ளப்பட்டார். பொறுமையாக மீண்டு வந்து, 2005இல், முப்பது வயதில், பிரெஞ்சு ஓபன், அமெரிக்க ஓபன், ஆண்டிறுதிச் சாம்பியன்ஷிப் ஆகிய மூன்றிலும் இறுதியாட்டம் வரை சென்றார். காத்திருந்தால் கனி உண்டு என்பதற்கு இதைவிட நல்ல சான்று பிரெஞ்சு டென்னிஸில் கிடைக்காது. ஆனால் 2006 அக்டோபரில் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில், வேரா ஸ்வனரேவாவுக்கு எதிராக வெற்றிக்கு ஒரே புள்ளி என்ற நிலை வரை வந்திருந்தவர், இடது முழங்காலின் தசைநார் அறுந்து களத்திலேயே விழுந்தார். அதன்பின் அவர் தொழில்முறை ஆட்டத்துக்குத் திரும்பவே முடியவில்லை. எப்போது நிறுத்துவது என்ற கேள்விக்கு அங்கே அவருடைய முழங்கால் பதில் சொல்லிவிட்டது.

பியர்ஸுக்கு இருந்த ஒரு சாதகம் பர்தோலிக்கு இல்லை. நெடிய உடல்வாகும், ஒரே வீச்சில் புள்ளியை முடிக்கும் பலமும் கொண்டவர் பியர்ஸ். கால்களில் கொஞ்சம் வேகம் குறைந்தாலும் கைகளின் வலுவால் அவர் ஈடுசெய்ய முடிந்தது. மேலும், குறிப்பிட்ட ஓரிடத்தில் ஏற்படும் காயத்துக்குச் சிகிச்சையும் ஓய்வும் பலன் தரலாம். பர்தோலியின் உடலில் இருந்தது ஆண்டாண்டுகளாகச் சேர்ந்த தேய்மானம். ஆறு மாத ஓய்வில் வலி தணிந்திருக்கலாம், ஆனால் திரும்பி வந்து அதே ஆட்டத்தை ஆடினால் அதே இடங்களில்தான் மீண்டும் தேயும். எந்த ஆட்டத்தைப் பார்த்து அவர் உருவாக்கப்பட்டாரோ அந்த மோனிகா செலஸின் கடைசி ஆட்டமும் பாதக் காயத்தோடுதான், 2003 பிரெஞ்சு ஓபன் முதல் சுற்றில், முடிந்தது.

இந்த இரண்டாம் வழியைப் பற்றிய வாதத்தைக் காலமே ஓரளவு தீர்த்துவைத்தது. 2017 டிசம்பரில் பர்தோலி மீண்டும் ஆடப்போவதாக அறிவித்தார். இடையில், 2016இல், நோயால் உடல் மிக மெலிந்து, உயிருக்கே அஞ்சும் நிலையில் இருந்தவர் அவர் என்பதால், அந்த அறிவிப்பே ஓர் உயிர்ப்பின் அடையாளமாக எனக்குப் பட்டது. 2018 மார்ச் மாதம் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த காட்சிப் போட்டியில் பத்துப் புள்ளி ஆட்டம் ஒன்றில் செரீனாவை எதிர்த்து நின்றார். ஆனால் தோள்பட்டை மறுத்துவிட்டது. அந்த ஜூன் மாதத்திலேயே முயற்சியைக் கைவிட்டார். 33 வயதில், நோயிலிருந்து மீண்டபின் செய்த முயற்சியை 28 வயதில் செய்திருக்கக்கூடிய முயற்சியோடு அப்படியே சமன் செய்ய முடியாது. என்றாலும், நான்கரை ஆண்டு ஓய்வுக்குப் பிறகும் பழைய இடமே முதலில் வலித்தது என்பதை ஒதுக்கிவிடவும் முடியாது.

மூன்றாம் வழியில் நான் அதிகம் தங்கப் போவதில்லை. ஒரு நாள் குறித்து, ரசிகர்கள் எழுந்து நிற்க, விடைபெறுவது அழகான வழி. பிரான்சின் நதாலி தோசியா 2003 பிரெஞ்சு ஓபனோடு விடைபெற்றார். பர்தோலிக்கு இரண்டு நாட்கள் பொருத்தமாக இருந்திருக்கும். ஒன்று, 2014 மே மாதத்துப் பாரிஸ். மற்றொன்று, அதே ஆண்டு விம்பிள்டனின் முதல் செவ்வாய், நடப்புச் சாம்பியன் என்ற முறையில் மைய ஆடுகளத்தின் ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் மரபுரிமை. அந்த உரிமையை அவர் விட்டுக்கொடுத்ததால், 2014இல் லிசிக்கி அந்த ஆட்டத்தை ஆடினார். பர்தோலி நாணயச் சுழற்சிக்காக மட்டுமே புல்தரைக்கு வந்து நின்றார். முந்தைய ஆண்டு அவரிடம் தோற்று அழுதவர் மட்டையோடும், வென்றவர் மட்டை இல்லாமலும் நின்ற அந்தக் காட்சி இன்றும் என்னை வருத்துகிறது. ஆனால் அந்த ஒரு பிற்பகலுக்காகப் பத்து மாதம் வலியோடு பயிற்சி செய்திருக்க வேண்டும். பார்வையாளர்களாகிய நாம் அதை அவரிடம் கேட்கும் உரிமை உடையவர்கள் அல்லர்.

இந்த வழி அவருடைய இயல்புக்கும் ஒத்துவராது. பாதி அளவில் எதையும் செய்து பழகாதவர் அவர். பிரெஞ்சு டென்னிஸ் சம்மேளனம் தேசிய அணியில் தந்தையின் பயிற்சியை ஏற்காதபோது, தந்தையை விட்டுவிட்டு அணிக்குப் போவதில்லை என்று நின்றார். அதற்கு விலையாக 2012 லண்டன் ஒலிம்பிக்கை இழந்தார், அதுவும் டென்னிஸ் போட்டிகள் விம்பிள்டன் புல்தரையிலேயே நடந்த ஒலிம்பிக்கை. பிறகு 2013இன் தொடக்கத்தில் தந்தையின் பயிற்சியிலிருந்து தாமாகவே விலகி, அணித் தலைவராக இருந்த மொரெஸ்மோவின் ஆதரவோடு சில மாதங்களில் விம்பிள்டனை வென்றார். வென்ற கணத்தில் பார்வையாளர் மாடத்துக்கு ஏறிச் சென்று தந்தையைக் கட்டிக்கொண்டார். சேர்ந்திருந்தபோதும் முழுமையாக, பிரிந்தபோதும் முழுமையாக.

நான்காம் வழி, அவர் எடுத்தது. அதன் இழப்புகளை மறைக்க விரும்பவில்லை. விம்பிள்டன் சாம்பியனாக ஒரே ஒரு கிராண்ட் ஸ்லாமில்கூட அவர் ஆடவில்லை. வெற்றிக்குப் பின் வரும் தன்னம்பிக்கை அவருடைய ஆட்டத்தை எங்கே கொண்டுபோயிருக்கும் என்று பார்க்க நமக்கு வாய்ப்பில்லாமல் போனது. எட்டு ஒற்றையர் பட்டங்களோடு கணக்கு நின்றது, மொரெஸ்மோவின் 25, பியர்ஸின் 18 ஆகியவற்றுக்குப் பக்கத்தில் அது சிறிய எண். எனினும், மற்ற மூன்று வழிகளும் அவரிடமிருந்து ஒரே பொருளைத்தான் கேட்டன: இன்னும் சில ஆயிரம் கூடுதல் அடிகள் எடுத்துவைக்கும் கால்களை. அது மட்டுமே அன்று அவரிடம் இல்லை. மொரெஸ்மோவுக்கு மாற்று வீச்சுகள் இருந்தன, பியர்ஸுக்குக் கை வலு இருந்தது. பர்தோலியின் ஆட்டத்தில் கால்கள்தான் எல்லாமும். ஆகவே நிறுத்தியது சரி என்றே நான் தீர்ப்பளிக்கிறேன்.

ஒன்றை மட்டும் வேறு மாதிரிச் செய்திருக்கலாம் என்று நினைக்கிறேன். தோற்ற இரவிலேயே, வியர்வை காயும் முன்பே, அறிவித்திருக்க வேண்டியதில்லை. ஒரு வாரம் கழித்து, நியூயார்க்கில் அமெரிக்க ஓபன் தொடங்கும் முன், சக வீராங்கனைகள் அனைவரும் கூடியிருக்கும் இடத்தில் அதே சொற்களைச் சொல்லியிருந்தால், முடிவு மாறியிருக்காது. ஆனால் 47 கிராண்ட் ஸ்லாம்களில் அவரோடு ஆடியவர்கள் அவருடைய கையைப் பிடித்து விடைகொடுத்திருப்பார்கள்.